ரெண்டு கதவு காரும் கரியாலூர் சாவியும்

அந்தக் காரை ஏன் வாங்கினேன் என்று இதுவரை பதினைந்து பேராவது கேட்டிருப்பார்கள். ஆளுக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். எதுவும் பொய்யில்லை. எதுவும் சரியான பதிலும் இல்லை.

நான் கள்ளக்குறிச்சியில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். சில வருடங்களுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பெயர் குறிக்கிற வேலைக்கு எங்களை அனுப்பினார்கள். எனக்கு நைனார்பாளையம். அங்கே ஒரு ரைஸ் மில்காரர் ரேஷன் கார்டு எடுத்து வருவதாக உள்ளே போனார். வெயில் தாங்காமல் நான் மில்லுக்குப் பக்கத்தில் இருந்த ஷெட்டுக்குள் ஒதுங்கினேன். தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு காரின் பின்பக்கம் தெரிந்தது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வட்டமான சிவப்பு விளக்கு. மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நீளமான மூக்கு, குட்டையான வால், பக்கத்துக்கு ஒரே ஒரு கதவு. தவிட்டுத் தூசியை விரலால் தேய்த்தால் உள்ளே வெளிறிய மஞ்சள். அதுவரை அப்படி ஒரு காரை நான் பார்த்ததில்லை.

மில்காரர் கார்டோடு வந்து, அது ஜப்பான் கார் என்றார். அவருடைய அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்தபோது கப்பலில் அனுப்பியது. சில வருடம் ஓடியது, பிறகு எஞ்சின் இறுகிப் போனது. அண்ணன் சென்னைக்குக் குடிபோய்விட்டார். மில்காரர் தாமாகவே வரி கட்டி ஆர்.சி. புத்தகத்தை மட்டும் உயிரோடு வைத்திருந்தாராம். உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சீட்டுக்குள் அணில் கூடு கட்டியிருந்தது. ஸ்டியரிங் வளையம் சன்னமாக, கைக்கு அடக்கமாக இருந்தது. கண்ணாடி வழியாகத் தெரிந்தது மில் சுவர்தான். இருந்தாலும் இறங்க மனம் வரவில்லை.

அதன் பிறகு ஏதோ ஒரு சாக்கில் இரண்டு தடவை அந்த மில்லுக்குப் போனேன். மூன்றாவது தடவை அவரே, "வேணுமா டீச்சர்?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் வாய் ஆமாம் என்று சொல்லிவிட்டது.

என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார். அதிகம் பேசாதவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"ஓடாத காரா?"

"ஆமா."

"ஓடாதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினியா?"

"ஆமா."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்க் கழுவினார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, அப்படிச் சொல்லும்போதே எனக்கான காரணம் எனக்குப் பிடிபட்டிருக்கும். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மகள் அந்த வருடம்தான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத வெறுமையில்தான் நான் இப்படிச் செய்வதாக என் தங்கை கண்டுபிடித்துச் சொன்னாள். மகள் வீட்டில் இருந்திருந்தாலும் வாங்கியிருப்பேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அதை நிரூபிக்க முடியாது.

டவுனில் இரண்டு கார் ஷெட்டில் கேட்டேன். பார்த்த உடனேயே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் சின்னசேலம் ரோட்டில் டிராக்டரும் அறுப்பு மெஷினும் ரிப்பேர் செய்கிற ஒருவர் ஒத்துக்கொண்டார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல்தான் ஷெட் திறப்பார். காரை இரண்டு தடவை சுற்றி வந்தார். பானட்டைத் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்திவிட்டு உள்ளே குனிந்தார்.

"இன்னா டீச்சர், உள்ள எலி குடும்பமே நடத்திக்கினு இருந்துக்குது" என்றார்.

எஞ்சினைப் பிரிக்க மட்டும் மூன்று வாரம் ஆனது. தண்ணீர் தேங்கித் துருப்பிடித்து, பிளாக்கில் விரல் நீளத்துக்கு வெடிப்பு விட்டிருந்தது. அதற்குச் சாமான் தேடிச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஆட்களைப் பிடித்தோம். ஒருவர் கிடைக்கும் என்றார், பிறகு போன் எடுக்கவில்லை. இன்னொருவர் அனுப்பிய படம் வேறு ஏதோ காருடையது. மூன்று மாதம் கழித்து மெக்கானிக் என்னை உட்கார வைத்துச் சொன்னார். அந்த எஞ்சின் இனி பிழைக்காது. இந்தக் காரை அப்படியே பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் இந்தக் காலத்து எஞ்சின் ஒன்றை உள்ளே வைக்கலாம். இப்போது வருகிற கார்களில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தைச் சுற்றும், அது இதற்கு ஆகாது. எட்டுப் பேர் போகிற வாடகை வேன்களில்தான் எஞ்சின் நீளவாக்கில் இருந்து பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. இந்தக் காரும் அந்த ஜாதிதான். ஆகவே ஒரு வேன் எஞ்சின் வேண்டும்.

எனக்குக் குழம்பியது. எஞ்சினை எடுத்துவிட்டால் நான் வாங்கிய கார் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? தரைத் தகடும் அரித்துப் போயிருந்தது, அதையும் வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும். சீட்டும் புதுசு. ஒயரும் புதுசு. பிறகு எது பழசு? இதை அவரிடமே கேட்டேன்.

"நீங்க உள்ள உக்காந்து பாத்துட்டுத்தானே டீச்சர் வாங்குனீங்க? எஞ்சினைப் பாத்துட்டா வாங்குனீங்க?" என்றார்.

அதில் இருந்த நியாயத்தை மறுக்க முடியவில்லை. ஆனால் குழப்பமும் போகவில்லை.

எஞ்சினை மாற்றுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அங்கே இருந்தவர் பொறுமையானவர். என் விண்ணப்பத்தை முழுக்கப் படித்துவிட்டு, "இது பழைய வண்டிங்களா, புது வண்டிங்களா?" என்று கேட்டார். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். கடைசியில் அவரே ஏதோ எழுதிக்கொண்டார். அவர் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்கு அப்போது தைரியம் இல்லை.

சேலத்துப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் எஞ்சின் கிடைத்தது. நசுங்கிப் போன ஒரு வேனிலிருந்து எடுத்தது. எஞ்சின், கியர் பாக்ஸ், ஒயர் கட்டு, எஞ்சினுக்கு மூளை போல இருக்கிற கம்ப்யூட்டர் டப்பா, சாவி போடுகிற பூட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மினி லாரியில் அனுப்பினார்கள். அதற்கப்புறம் என் சனிக்கிழமைகள் எல்லாம் அந்த ஷெட்டில்தான். ஒயர் ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டுவது என் வேலை. எஞ்சின் உள்ளே இறங்கியது, ஆனால் அடியில் இருக்கிற ஆயில் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடித்தது. தொட்டியை வெட்டிப் பற்ற வைத்தார். பிறகு மேலே பானட் மூடவில்லை. எஞ்சினைச் சாய்த்து உட்கார வைத்தார். பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் நீளம் பத்தவில்லை, லேத்துப் பட்டறையில் கொடுத்து நீட்டினோம். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று இடித்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குக்கு ஒரு விடை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, சனிக்கிழமை முழுக்க விடையே இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

பத்து மாதம் கழித்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம். சாவி இல்லாததால் பூட்டுக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகித் திருப்பினார். எஞ்சின் உறுமியது. இரண்டு விநாடி அழகாக ஓடியது. பிறகு நின்றுவிட்டது.

மறுபடி திருப்பினார். மறுபடி இரண்டு விநாடி.

பெட்ரோல் பம்ப்பாக இருக்கும் என்று பம்ப்பை மாற்றினார். ஒயர் எங்கோ சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து நான் எழுதி ஒட்டிய சீட்டுகளை எல்லாம் ஒன்று விடாமல் திரும்பப் பார்த்தோம். காற்றுக் குழாயில் ஓட்டை என்று சோப்பு நுரை போட்டுத் தேடினோம். இரண்டு விநாடிக்கு மேல் ஒரு கணம் கூட அது ஓடவில்லை. முதல் இரண்டு விநாடி இவ்வளவு நன்றாக ஓடுகிற எஞ்சினுக்கு மூன்றாவது விநாடியில் என்ன ஆகிறது என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது போல் ஆனது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிடும், பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து மெக்கானிக் ஒரு ஸ்கேனர் இரவல் வாங்கி வந்து மாட்டிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"இதோட சாவி எங்கன்னு கேக்குது டீச்சர். சாவிக்குள்ள ஒரு சில்லு இருக்குமாம். அது பக்கத்துல இருந்தாத்தான் எஞ்சின் ஓடும். திருட்டு வண்டின்னு நெனச்சிக்கினு அதுவே நிறுத்திக்குது."

இரும்புக் கடைக்குப் போன் செய்தோம். வண்டியைக் கொடுத்தவர்கள் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம். எந்த ஊர் என்று கேட்டதற்கு, எங்கள் பக்கத்து மலையில் இருக்கிற கரியாலூர் என்றார்கள். அங்கே வண்டி பள்ளத்தில் போய்விட்டது என்று மட்டும்தான் கடைக்காரருக்குத் தெரியும். யாருக்கு என்ன ஆனது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. வண்டிக்காரரின் போன் நம்பர் இருந்தது, ஆனால் அது உபயோகத்தில் இல்லை.

இத்தனை மாதம் அந்த எஞ்சினைத் துடைத்து, தொட்டு, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அது நசுங்கின வேனிலிருந்து வந்தது என்று தெரியும். அந்த வேனுக்குள் யார் இருந்திருப்பார்கள் என்று ஒரு தடவை கூட நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்த பிறகு ஷெட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. செத்தவர்களின் வீட்டுக்குப் போய்ச் சாவி கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? அந்தக் காரை அப்படியே விட்டுவிடலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். என் கணவர், போகாதே, இன்னொருத்தர் துக்கத்தில் போய்க் கை வைக்காதே என்றார். மெக்கானிக் வேறு மாதிரி சொன்னார். அவர்கள் பொருள் எங்கோ நல்லபடியாக ஓடுகிறது என்று தெரிந்தால் அவர்களுக்கும் ஆறுதலாக இருக்கலாம், யாருக்குத் தெரியும் என்றார். இரண்டும் சரியாகப் பட்டது. அதுதான் பிரச்சினை.

ஒரு சனிக்கிழமை காலை மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவுகளில் பஸ் ஏற ஏற என்ன பேசுவது என்று மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். ஒரு வாக்கியமும் தேறவில்லை. கரியாலூரில் இறங்கி, பள்ளத்தில் போன வேன்காரர் வீடு என்று கேட்டதும் கடையில் இருந்தவர் வழி காட்டினார். அவர் முகத்தில் துக்கமே இல்லாதது எனக்கு விநோதமாக இருந்தது.

வீடு ஒரு சரிவுக்கு மேலே இருந்தது. கீழே மரவள்ளி போட்டிருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கிற ஒரு பெண் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன், எஞ்சின் என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். பிறகு, உங்கள் இழப்புக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று ஆரம்பித்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா இழப்பு? யாரும் சாவலியே டீச்சர். வண்டி காலியாத்தான் போச்சு."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்காரர் மரவள்ளி லோடு ஏற்றப் போயிருக்கிறார், இரண்டு பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் விளையாடுகிறார்கள் என்றார். முன்பு அவர் கணவர் அந்த வேனை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாராம். சேலம், திருவண்ணாமலை, சென்னை என்று இரவும் பகலும் ஓட்டம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ஹேண்ட் பிரேக் போட மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார், வண்டி தானாக உருண்டு கீழே ஒரு பலா மரத்தில் போய் மோதியது. அதிலிருந்து அவர் வண்டியே தொடுவதில்லை, விவசாயம்தான்.

சாவி தொலைந்துவிட்டதாகச் சொன்னீர்களாமே என்று கேட்டேன். அவர் எழுந்து போய், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் கை விட்டு ஒரு சாவியை எடுத்து வந்தார். கறுப்புப் பிடி போட்ட சாதாரணச் சாவி. என் கையில் கொடுக்கவில்லை. தன் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட சொல்லலாமான்னு தெரியல. யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார். "வண்டி தானா போவல டீச்சர். நாந்தான் விட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"அவரு தூங்கிக்கினே ஓட்டுவாரு. நாலு நாளு, அஞ்சு நாளு கண்ணு மூடாம ஓட்டிட்டு வந்து, புள்ளைங்கள ஏத்திக்கினு திரும்பக் கீழ எறங்குவாரு. ரெண்டு வாட்டி வளைவுல செவுத்துல இடிச்சாரு. ரெண்டு வாட்டியும் புள்ளைங்க உள்ள இருந்துச்சுங்க. அழுது பாத்தேன், சண்ட போட்டுப் பாத்தேன். நாளைக்கி ஒரு சவாரி, அதோட கம்மி பண்ணிக்கிறேம்பாரு. அன்னிக்கிக் காலையில வந்து படுத்தாரு. நான் போயி கீழ காட்டுல யாரும் இல்லேன்னு பாத்துட்டு வந்தேன். கியரை நடுவுல தள்ளுனேன். பிரேக்கை எறக்குனேன். அவ்ளோதான்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. மறந்துட்டோம்னுதான் நெனச்சிக்கினு இருக்காரு. அந்த பயத்துலயே வண்டியத் தொடல." பிறகு சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். "இத எதுக்கு வெச்சிருந்தேன்னு எனக்கே தெரியல. எடுத்துக்கினு போங்க. எஞ்சின் உங்ககிட்டதானே இருக்குது."

திரும்பி வருகிற பஸ்ஸில் சாவியைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன். அவர் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. சரி என்று நினைத்தால் ஒரு மனிதன் செய்யாத தவறுக்காக இரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறான். தவறு என்று நினைத்தால் பக்கத்து வீட்டில் அந்த இரண்டு பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடியது காதில் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் கணவர் என்ன ஆனது என்று கேட்டார். சாவி கிடைத்தது, யாரும் சாகவில்லை என்றேன். மீதியைச் சொல்லவில்லை. அது என்னுடையதில்லை.

மறுநாள் மத்தியானம் சாவியைப் போட்டுத் திருப்பினோம். இரண்டு விநாடி போனது. மூன்று, நான்கு போனது. நான் எண்ணுவதை நிறுத்திய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். நான் கொஞ்சம் அழுதேன். எதற்காக என்று அவர் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது, நல்லவேளையாகக் கேட்கவில்லை.

அதற்கடுத்த மாதம் அவர் சங்கடத்தோடு ஒரு செய்தி சொன்னார். சேலத்தில் ஒருவர் லேப்டாப் வைத்து அந்தச் சாவி சமாச்சாரத்தையே எடுத்துவிடுவாராம். முன்னாடியே தெரிந்திருந்தால் நான் மலைக்குப் போயிருக்கவே வேண்டாம். அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். போகாமல் இருந்திருந்தால் எனக்கு நிம்மதி ஜாஸ்திதான். ஆனால் இறந்தவர்களின் எஞ்சின் என்ற நினைப்போடு காலம் முழுக்க ஓட்டியிருப்பேனே.

பெயிண்ட் அடித்து, சீட் தைத்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, ஆர்.சி. புத்தகத்தில் புது எஞ்சின் நம்பர் ஏற இன்னும் ஐந்து மாதம் ஆனது. அதற்கடுத்த சனிக்கிழமை நான் ஷெட்டில் இருந்தபோது பைக்கின் பின்சீட்டிலிருந்து ஒருவர் இறங்கினார். பைக் ஓட்டி வந்தவர் டீக்கடைக்குப் போய்விட்டார். இறங்கியவர் மெல்லிய ஆள், தோளில் துண்டு. காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டீச்சருங்களா? நான் கரியாலூர். வேன் என்னுதுங்க."

மனைவி சொல்லித்தான் வந்தாராம், சாவி கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது என்று சொன்னாராம். பானட்டைத் திறந்து காட்டினேன். எஞ்சினைத் தொடாமல் குனிந்து சுற்றிலும் பார்த்தார். ஏன் சாய்த்து வைத்திருக்கிறது என்று கேட்டார், மெக்கானிக் விளக்கினார், அவருக்கு உடனே புரிந்தது. ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேட்டார். சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எஞ்சின் மேலே டிக் டிக்கென்று தட்டுகிறது, டப்பெட் கொஞ்சம் பார்க்கணும் என்றார். மெக்கானிக்கும் அதையேதான் காலையில் சொல்லியிருந்தார். பிறகு மெக்கானிக் ஒரு டிராக்டரைப் பார்க்கப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, நீங்கள் ஒரு சின்ன மறதிக்காக இவ்வளவு நாள் வருத்தப்படத் தேவையில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே தப்புச் செய்கிறோமோ என்று தோன்றியது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நான் மறக்கல டீச்சர்" என்றார்.

நான் கம்பை எடுத்துவிட்டுப் பானட்டை மூடினேன்.

"மேட்டுல நிறுத்துனா ஃபர்ஸ்ட் கியர்லதான் நிறுத்துவேன். அது கையில ஊறிப்போனது. தூக்கத்துல நிறுத்துனாலும் அப்படித்தான் நிறுத்துவேன். கீழ எறங்கிப் பாத்தப்போ கியர் நியூட்ரல்ல கெடந்துச்சு. வூட்டாண்ட அவளத் தவிர யாரு இருந்தா?"

"அப்புறம் ஏன் மறந்துட்டேன்னு சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்றது? ஊர்ல நாலு பேரு நாலு விதமா அவளக் கேப்பாங்க." காரின் கூரையில் இருந்த தூசியைத் துண்டால் தட்டினார். "மொதல்ல கோவம் வந்துச்சு. ரெண்டு நாளு நல்லாத் தூங்குனேன் டீச்சர். தூங்கி எழுந்ததும் கோவம் வரல. நான் அவள்ட்ட ஒண்ணும் கேட்டுக்கல. நீங்களும் சொல்லாதீங்க."

ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று சாவியை நீட்டினேன். வேண்டாம் என்றார். நான்கு சக்கரம் பக்கம் இனி போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாராம். பயத்தால் இல்லை, காலையில் எழுந்து தன் காட்டைப் பார்ப்பது பிடித்துவிட்டதாம். பைக் ஓட்டி வந்தவர் திரும்பி வந்ததும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் காருக்குள் போய் உட்கார்ந்தேன். ஒருவர் தன் கணவருக்குத் தெரியாது என்று என்னிடம் சொல்கிறார். அந்தக் கணவர் எல்லாம் தெரியும் என்று என்னிடம் சொல்கிறார். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்கள். நடுவில் அவர்களோடு எந்த உறவும் இல்லாத நான். இதில் ஒன்றை ஒருவரிடம் சொன்னால் போதும், இரண்டு பேரும் இறக்கி வைத்துவிடலாம். சொன்னால் இப்போது இருக்கிற ஏதோ ஒன்று குலைந்தும் போகலாம். எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் எனக்கு விடை வரவில்லை. இரண்டு பேருமே சொல்லாதே என்ற மாதிரிதான் சொன்னார்கள். ஆனால் சொல்ல வேண்டாம் என்றால் என்னிடம் எதற்குச் சொன்னார்கள்?

மழைக்காலம் தொடங்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை மலைக்கு எடுத்துப் போனேன். கணவரும் வந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகவே தண்ணீர் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வளைவுகளில் கார் இரண்டாம் கியரில் சலிக்காமல் ஏறியது. கரியாலூரில் பிள்ளைகள் இரண்டும் ஓடி வந்து சுற்றி நின்றன. பின்னால் கதவே இல்லையே, பின் சீட்டுக்கு எப்படிப் போவது என்று பெரியவள் கேட்டாள். முன் சீட்டை மடக்கிக் காட்டினேன். எல்லோருக்கும் மரவள்ளிக்கிழங்கு வேக வைத்துக் கொடுத்தார்கள். வேன்காரர் என் கணவரோடு மோட்டார் கனெக்‌ஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் கணவர் அன்றைக்குப் பேசிய அளவுக்கு வீட்டில் ஒரு வாரத்தில் கூடப் பேச மாட்டார்.

அந்தப் பெண் ஒரு சுற்றுப் போகலாமா என்று கேட்டார். அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனேன். அருவிக்குப் பிரிகிற ரோட்டைத் தாண்டினோம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"அவரு அன்னிக்கி ஷெட்டுக்கு வந்தாரே. இன்னா சொன்னாரு?"

சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதல் வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"டப்பெட் பாக்கணும்னு சொன்னாரு" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். அவர் நம்பினாரா, வேறு எதையாவது எதிர்பார்த்தாரா, நான் சொல்லாததையும் புரிந்துகொண்டாரா, எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. அப்போது சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் போட்டேன். ஒரு பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஒயரை நான்தான் தப்பாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும். முன்னால் ஒன்றும் தெரியாததால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் இருந்தது. அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வேர்க்கடலையை எடுத்துப் பாதியை என் கையில் கொட்டினார். மழை விடும்வரை இரண்டு பேரும் அதை உடைத்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம்.